மீத்தேன் கசிவுத் தடுப்பு: புதுச்சேரி வட்டார வரலாறு

மீத்தேன் நிறமும் மணமும் இல்லாத, எரியும் தன்மையுள்ள வாயு. 20 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளே தங்குகிறது. எனவே, கசிவை இன்று அடைத்தால் பலன் விரைவில் தெரியும்.

கழிமுகமும் கழிவுநீரும்

சங்கராபரணி எனப்படும் செஞ்சியாற்றின் கிளையான அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் கழிமுகத்தை ஒட்டி அமைந்தது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகமும் அலையாத்தி மரங்களும் இங்குள்ளன. உயிர்வளி இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. கடல்நீரில் உள்ள சல்பேட் அதனை ஓரளவு அடக்கி வைக்கும். கழிவுநீர் மிகுதியாகக் கலந்தால் அந்தச் சமநிலை குலைகிறது. சதுப்புச் சேற்றிலிருந்து எழும் இவ்வாயுவை 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் சேகரித்து ஆராய்ந்தவர் அலெசாந்த்ரோ வோல்ட்டா.

இவ்வாயுவை வீணாக்காமல் பயன்படுத்தும் முயற்சி இந்தியாவில் 1897இல் தொடங்கியது. பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுப் பொருளிலிருந்து பெற்ற வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது. சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது.

காற்றில்லாக் கழிவுநீரில் மீத்தேனுடன் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவும் உருவாகும். 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வந்த நச்சு வாயுவால் மூவர் உயிரிழந்தனர். கழிவறைக் குழாயில் நீர்த்தடுப்பு வளைவு, காற்றுப்போக்கி, அடைப்பில்லாத ஓட்டம் ஆகியவை உயிர் காப்பவை என்பதை அத்துயரம் உணர்த்தியது.

வேளாண்மை

ஜஷ்பாய் படேல் 'கிராமலட்சுமி' சாண எரிவாயுக் கலனை வடிவமைத்தார். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1962 முதல் அவ்வகைக் கலனைப் பரப்பியது. 1984இல் செலவு குறைந்த 'தீனபந்து' வடிவம் வந்தது. ஆயினும் குவிமாடத்தில் விரிசல் விட்டால், அடுப்புக்குச் செல்லவேண்டிய வாயு நேரே காற்றில் கலந்துவிடும். குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழ் எழுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

காரைக்கால் போன்ற காவிரிப் படுகைப் பகுதிகளில் நீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் ஊற்றுதான். மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி தெ லோலானியே 1983இல் உருவாக்கிய முறை, தமிழகத்தில் 'திருந்திய நெல் சாகுபடி' எனப் பரவியது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவதால் நீரும் மிச்சமாகும், மீத்தேனும் குறையும். ஆனால் தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால், மற்றொரு பசுமைக்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு பெருகும்.

எரிசக்தி

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாம், கோதாவரிப் படுகையில் உள்ளது. அதே படுகையின் நகரம் என்னும் ஊரில், 2014 ஜூன் 27 அன்று கெயில் நிறுவனக் குழாயில் கசிந்த எரிவாயு தீப்பற்றி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். துருப்பிடித்த குழாயை மாற்றுதல், அகச்சிவப்புக் கருவியால் கசிவைக் கண்டறிதல் ஆகியவை இத்துறையின் முதன்மைத் தடுப்பு முறைகள்.

உலக முயற்சி

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் மீத்தேன் வெளியேற்றத்தை 2020 அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கும் உறுதிமொழி வெளியானது. இந்தியா அதில் சேரவில்லை. எனினும் சாக்கடை, சாணக்கலன், எரிவாயுக் குழாய் ஆகியவற்றின் பராமரிப்பு உடன்படிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதன்று. பருவநிலைக்கு முன்பே அது அருகில் வாழ்வோரின் உயிரைக் காக்கிறது.