தூத்துக்குடி மக்ரூனும் ஒரு கப்பல் கதையும்

போன டிசம்பர் லீவில் என் மகள் பிரெஞ்சு மக்கரான் செய்தே ஆகணும் என்று அடம் பிடித்தாள். பாதாம் மாவு கைவசம் இல்லை. பாதாமை மிக்ஸியில் ஓட்டினேன். மாவாவதற்குப் பதில் எண்ணெய் விட்டுக்கொண்டது. அதை வெள்ளைக்கரு நுரையில் கலந்ததும் நுரை அப்படியே அமுங்கி, தோசை மாவு மாதிரி ஓடியது. ஓவனிலிருந்து வெடித்துப்போன தட்டைப் பில்லைகள்தான் வெளியே வந்தன.

அவளைச் சமாதானப்படுத்த, "விடு கண்ணு, இதைவிட நல்ல மக்ரூனை 500 வருஷத்துக்கு முன்னாடியே போர்ச்சுகீசியர் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துட்டாங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

பதில் இல்லை. ஆபீஸில் பத்துப் பேருக்காவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒருதரம்கூடச் சரிபார்க்கவில்லை. கோடில் பிழை தேடும்போது பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரிப்போம் இல்லையா, அதே மாதிரி இதையும் பிரித்தேன். கொட்டை எங்கிருந்து வந்தது? பெயர் எங்கிருந்து வந்தது? பண்டம் எங்கிருந்து வந்தது?

முதலில் கொட்டை. தூத்துக்குடி மக்ரூனில் மூன்றே பொருள்: வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மலையாளத்தில் அதற்குப் பறங்கிமாவு என்றே ஒரு பெயர் உண்டு; மாவு என்றால் அங்கே மாமரம். முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் காலூன்றியதும் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியதும் 1530களில். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை அவர்கள் செல்வாக்கு இருந்தது. ஆக, கொட்டை விஷயத்தில் கதை சரி.

அடுத்து பெயர். இங்கேதான் இடிக்கிறது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து நமக்கு வந்த சொற்கள். மக்ரூன் இந்த வரிசையில் உட்கார மாட்டேன் என்கிறது. இத்தாலியில் பிறந்த இந்தச் சொல்லின் போர்ச்சுகீசிய வடிவம் 'மக்கராவ்ங்' என்பதுபோல் மூக்கொலியில் முடியும். இன்று அதற்குப் பொருள் நாம் சொல்லும் மக்ரோனிதான். ரொட்டிக்கான போர்ச்சுகீசியச் சொல் மேற்குக் கரையில் 'பாவ்' ஆனது. பாவ் பாஜியில் இருப்பது அதுதான். அந்தக் கணக்கில் நம் பண்டத்துக்கு 'மக்கராவ்' என்று பெயர் வந்திருக்க வேண்டும்.

'ஊன்' என்று முடிவது யாருடைய வழக்கம்? பலூன், கார்ட்டூன், சலூன் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்க. பிரெஞ்சிலும் இத்தாலியிலும் 'ஒன்', 'ஒனே' என்று முடியும் சொற்களை எடுத்து 'ஊன்' ஆக்கியது ஆங்கிலம். மக்கரான் மக்ரூன் ஆனதும் அப்படித்தான். பெயர் நமக்கு வந்தது ஆங்கிலேயர் காலத்து வழியில்.

மூன்றாவது, பண்டம். போர்ச்சுகீசிய இனிப்புகள் மஞ்சள்கருவுக்குப் பேர்போனவை. கோவாவின் பெபிங்கா அதற்கு நல்ல உதாரணம். வெள்ளைக்கருவும் அரைத்த பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் மக்ரூனோ இங்கிலாந்துச் சமையல் புத்தகங்களில் சாதாரணம். 1861இல் வந்த திருமதி பீட்டனின் புத்தகத்திலும் இருக்கிறது. தூத்துக்குடிக்கு 1870களில் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். இப்படி வெள்ளைக்காரப் பயணிகள் வந்துபோகும் துறைமுகத்தில் ஆங்கிலப் பெயருள்ள பண்டம் பேக்கரிக்குள் நுழைவது இயல்பு என்பது என் கணிப்பு.

பிரான்சிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1533இல் பிரெஞ்சு அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட இத்தாலிய இளவரசி கேத்தரின் தே மெடிச்சியின் சமையல்காரர்கள் மக்கரானைக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அதற்கும் ஆதாரம் கிடையாது. என் மகள் வீடியோவில் பார்த்த, இரண்டு பில்லைக்கு நடுவே கிரீம் வைத்த மக்கரான் 20ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் வேலை.

இளவரசி, கப்பல் என்று கதை சொல்லும்போது அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். பாதாமை எடுத்துவிட்டு முந்திரியைப் போட்டது தூத்துக்குடிக்காரர்களின் முடிவு. முந்திரிக்குப் பேர்போன கொல்லம் மலைக்கு அந்தப் பக்கம்தான். முந்திரியில் மாவுச்சத்து அதிகம், பாதாமைவிட மென்மை. தட்டையாக விடாமல் காகிதக் கூம்பில் பிழிந்து கோபுரமாக நிறுத்தியதும், சூடு தணிந்த அடுப்பில் மெல்ல உலரவிட்டதும் அவர்கள்தான். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் மொறுமொறுப்பைக் காப்பாற்றுவது சின்ன விஷயமில்லை. நம்ம கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் முட்டையே சேர்க்காத அய்யங்கார் பேக்கரிகள்தான் அதிகம். மக்ரூனை யாராவது ஊரிலிருந்து டப்பாவில் கொண்டுவந்தால்தான் உண்டு.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு: பாரிஸுக்கு முன்னால் தூத்துக்குடிக்குப் போங்க. 2 முட்டையின் வெள்ளைக்கரு, 120 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் முந்திரி. மஞ்சள்கரு ஒரு துளிகூட விழக் கூடாது. கொழுப்பு பட்டால் நுரை எழும்பாது. பாத்திரம் காய்ந்திருக்கணும். சர்க்கரையில் கொஞ்சத்தை முந்திரியோடு சேர்த்து மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டினால் எண்ணெய் பிரியாது. வெள்ளைக்கருவை அடித்து, மீதிச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை முனை மடங்காமல் நிற்கும்வரை அடிக்கணும். முந்திரிப் பொடியைக் கரண்டியால் மெதுவாக மடித்துக் கலந்து, மூலை வெட்டிய கவரில் பிழிந்து, 110 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம் வைக்கணும். பிறகு ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிட்டு உடனே டப்பாவில் அடைக்கணும். பிரெஞ்சு மக்கரானுக்கும் நுரை, மடிப்பு இரண்டும்தான் அடிப்படை. கை பழகிய பிறகு பாதாமுக்குப் போகலாம்.

பொங்கல் லீவில் இதைச் செய்தோம். கோபுரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் வாயில் வைத்ததும் கரைந்தது. "அப்போ இதைக் கண்டுபிடிச்சது யாருப்பா?" என்றாள். கொட்டை பறங்கி கொண்டுவந்தது, பெயர் இங்கிலீஷ்காரன் விட்டுப்போனது, செஞ்சது தூத்துக்குடிக்காரங்க என்றேன். இந்தத் தடவை எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருந்தது. அவள் அடுத்த மக்ரூனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.