நீந்தும் லார்வா, தவழும் குஞ்சு: சங்கு இனங்களின் ஆயுளை எது தீர்மானிக்கிறது?

மன்னார் வளைகுடாவில் வாழும் இரண்டு உயிர்களைப் பார்ப்போம். முத்துச்சிப்பி லட்சக்கணக்கான முட்டைகளை அப்படியே கடலில் விட்டுவிடும். அதிலிருந்து வரும் லார்வா நுண்பாசிகளைத் தின்றபடி சுமார் மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதக்கும். பிறகுதான் எங்காவது ஒட்டிக்கொள்ளும். சங்கு அப்படியில்லை. மணலில் ஊன்றிய முட்டைக்கூட்டுக்குள்ளேயே குஞ்சு வளர்ந்து, சின்ன ஓட்டோடு தவழ்ந்து வெளியே வரும். மிதக்கும் பருவமே கிடையாது.

ஏன் இரண்டு வழி?

எல்லாம் வரவு செலவுக் கணக்குதான். சிறிய முட்டை என்றால் நிறைய போடலாம், ஆனால் பெரும்பாலானவை இரையாகிவிடும். உணவு நிரப்பிய பெரிய முட்டை என்றால் கொஞ்சம்தான் போட முடியும், ஆனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

மாறினால் திரும்ப முடியுமா?

மிதந்து தின்னும் லார்வாவைக் கைவிடும் மாற்றம், கடல் நத்தைக் குடும்பங்களில் தனித்தனியாகப் பலமுறை நடந்திருக்கிறது. திரும்பி வருவது அரிது. நீந்தவும் இரை பிடிக்கவும் உதவும் மடல் போன்ற உறுப்பு ஒருமுறை தேய்ந்துபோனால், அதை மறுபடி உருவாக்குவது லேசான காரியமில்லை.

அழிந்துபோன இனங்களில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டின் நுனியைப் பார்த்தால் போதும். குஞ்சுப் பருவ ஓடு அங்கேயே தங்கிவிடும். நுணுக்கமான பல சுற்றுகள் இருந்தால் மிதந்து வளர்ந்தது. பெரிய, மழுங்கிய நுனி என்றால் முட்டை உணவிலேயே வளர்ந்தது.

இதை வைத்து 1978-இல் தோர் ஹான்சன், அமெரிக்க வளைகுடாக் கரையின் வோலூட் புதைபடிவங்களை ஆராய்ந்தார். மிதக்கும் லார்வா கொண்ட இனங்கள் சராசரியாகச் சுமார் இரண்டு மடங்கு காலம் நீடித்திருந்தன. காரணம், அவை பரந்து பரவியிருக்கும். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் மிஞ்சும்.

அப்படியென்றால் தவழும் வகை ஏன் மறையவில்லை? தூரம் போகாததால் அவற்றின் கூட்டங்கள் எளிதில் தனிமைப்படும், புதிய இனங்களாகப் பிரியும். இனம் சீக்கிரம் அழியும், சீக்கிரம் பிறக்கவும் செய்யும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டைனோசர்களை முடித்துவைத்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் லார்வா வகை எந்த வித்தியாசமும் செய்யவில்லை என்று 1986-இல் டேவிட் ஜப்லான்ஸ்கி காட்டினார். சாதாரண காலத்தில் காப்பாற்றும் குணம், பேரழிவில் கைகொடுப்பதில்லை.

நமக்கு என்ன?

வங்காளத்து வளையல்களுக்காகத் தமிழகக் கடலில் நெடுங்காலமாகச் சங்கு குளிக்கிறார்கள். ஓரிடத்தில் சங்கை வழித்தெடுத்துவிட்டால், நீரோட்டத்தில் லார்வா வந்து அந்த இடத்தை நிரப்பாது. பக்கத்தில் மிஞ்சிய சங்குகள்தான் மெல்ல மெல்லத் தவழ்ந்து வர வேண்டும். அதனால் எவ்வளவு பிடிக்கலாம் என்ற கணக்கை முத்துச்சிப்பிக்குப் போடுவதுபோல் சங்குக்குப் போட முடியாது.