பகலில் முதுகுச் சாய்வு, இரவில் படுக்கை

இந்த வாரம் ஆகாய விமானத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இறக்கையும் உடலும் ஒன்றாக இணைந்த புது மாதிரி விமானம் ஒன்றைப் பற்றிப் படித்ததுதான் காரணம். ஆனால் படிக்கப் படிக்க, இது நமக்குத் தெரிந்த விஷயமாயிற்றே, நம் ரயில் பெட்டிக்காரர்கள் எப்போதோ மல்லுக்கட்டிய கணக்காயிற்றே என்று தோன்றியது. அதனால் முதலில் ரயில், பிறகு விமானம்.

ஒரே இடத்தைப் பகலில் ஒருவிதமாகவும் இரவில் வேறுவிதமாகவும் பயன்படுத்துவது எப்படி? இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த விடை, மூன்றடுக்குத் தூங்கும் பெட்டியின் நடு பெர்த். பகலில் அது முதுகுச் சாய்வு. இரவில் தூக்கிச் சங்கிலியில் மாட்டினால் படுக்கை.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு 2-10-1955 அன்று திறந்து வைத்தார். சுவிட்சர்லாந்தில் ஷ்லீரன் என்ற ஊரிலிருந்த ஒரு கம்பெனியின் தொழில்நுட்பம் அது. முழுவதும் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த பெட்டி. விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பது அதன் முக்கிய நோக்கம். ஆரம்பத்தில் அங்கே வெறும் கூடு மட்டும்தான் செய்தார்கள். உள்ளே இருக்கை, படுக்கை பொருத்தும் பிரிவு 1962-இல்தான் வந்தது. கூடு வேறு, உள் அமைப்பு வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே கூட்டுக்குள் முதல் வகுப்பு அறையும் வைக்கலாம், மூன்றடுக்கும் வைக்கலாம், உட்கார்ந்து போகும் பெட்டியும் ஆக்கலாம்.

அந்தக் கூட்டின் நீளம் சுமார் 21 மீட்டர், அகலம் சுமார் 3.25 மீட்டர். அதற்குள் ஒன்பது தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் எதிரெதிராக மூன்று மூன்றாக ஆறு பெர்த், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு. ஆக எட்டு. ஒன்பதெட்டு எழுபத்திரண்டு. பகலில் கீழ்ப் பலகைகளில் மூன்று மூன்று பேராக ஆறு பேர். ஓரத்தில் எதிரெதிரான இரண்டு ஒற்றை இருக்கைகளில் இரண்டு பேர். இரவில் அந்த இரண்டு இருக்கைகளின் சாய்வையும் மடக்கினால் ஒரு படுக்கை, மேலே இன்னொன்று. பகலில் எட்டு, இரவிலும் எட்டு. யாரும் மிச்சமில்லை, எதுவும் வீணில்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ‘கூஷெத்’ என்ற சொல் எனக்குப் பழக்கம். பிரான்ஸ் நாட்டு ரயிலில் இரவுப் படுக்கைக்கு அதுதான் பெயர். அங்கும் இரண்டாம் வகுப்பு அறையில் ஆறு பேர், நடுப் படுக்கை பகலில் மடங்கும். ஆனால் அறைக்குக் கதவு உண்டு, நடைபாதை காலியாக இருக்கும். அவர்கள் பெட்டியின் அகலம் சுமார் 2.8 மீட்டர்தான். நம் அகலப் பாதைப் பெட்டி அதைவிட ஒன்றரை அடி அகலம். அதை நாம் காற்றோட்டத்துக்கு விடவில்லை. நடைபாதை ஓரத்திலும் இரண்டு பேரைப் படுக்க வைத்தோம்.

பலகை என்றால் உண்மையிலேயே மரப்பலகைதான். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போய் இரண்டாம் வகுப்பானது. பெயர் மாறியதே தவிர கட்டை மாறவில்லை. மது தண்டவதே 1977-இல் ரயில்வே அமைச்சரான பிறகுதான் இரண்டங்குல மெத்தை வைக்கத் தொடங்கினார்கள். அந்த இரண்டங்குலத்தை நம் வயதுக்காரர்களின் முதுகு மறக்காது.

அடுத்து வந்தவர்களின் கணக்கு வேறு. லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது ஓரத்திலும் நடு பெர்த் போட்டார்கள். எட்டு ஒன்பதாகி, 72 என்பது 81 ஆயிற்று. காகிதத்தில் பார்த்தால் ஒரு பெட்டிக்கு ஒன்பது டிக்கெட் லாபம். ஆனால் பகலில் அந்த ஒன்பதாவது ஆள் எங்கே உட்காருவார்? ஓரத்தில் இருப்பதோ இரண்டு ஒற்றை இருக்கைகள். இரவில் மூன்று பேரும் தலையைத் தூக்க முடியாமல் நெருங்கிப் படுக்க வேண்டும். பயணிகள் கொதித்தார்கள். 2009-க்குப் பிறகு மம்தா பானர்ஜி காலத்தில் சாதாரண ரயில்களில் அதை எடுத்துவிட்டார்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டல் சரியாக வந்துவிட்டால் திட்டமும் சரிதான் என்று நினைக்கும் வழக்கம் ரயில்வேக்கு மட்டும் உரியதல்ல.

அதற்காக இடம் கண்டுபிடிப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். 2021-இல் வந்த ஏசி மூன்றடுக்கு எகானமிப் பெட்டியில் 72-க்குப் பதில் 83 பெர்த் போட்டார்கள். பெட்டிக்குள் இருந்த மின்சாரப் பெட்டகத்தைத் தரைக்கு அடியில் கொண்டுபோய் இடம் மிச்சம் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். அது கெட்டிக்காரத்தனம். நம் ஊர் வழியாகப் போகும் வந்தே பாரத்தில் எக்ஸிகியூட்டிவ் வகுப்பு இருக்கையை அப்படியே திருப்பிக்கொள்ளலாம். அதுவும் ஐ.சி.எஃப். வேலைதான்.

நடு பெர்த்துக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று விதி உண்டு. 2017-க்கு முன் ஒன்பது மணி. நம் திண்டுக்கல்காரர்களுக்கு இதில் தனிச் சங்கடம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையில் புறப்பட்டு இங்கே வரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். நாம் ஏறும்போது நடு பெர்த் தூக்கியாகிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது. உட்கார்ந்து மூச்சு வாங்க இடமில்லை. நேரே ஏறிப் படுக்க வேண்டியதுதான். முதியோருக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை கொஞ்சம். கிடைக்காதவர்கள் எழுபது வயதில் சங்கிலியைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். பிரான்சில் துலூஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர்பஸ் கம்பெனி, 2019-இல் ‘மாவெரிக்’ என்ற இரண்டு மீட்டர் நீள மாதிரியைப் பறக்கவிட்டது. அமெரிக்காவில் ஜெட்ஜீரோ என்ற கம்பெனி சுமார் 250 பேர் போகும் அளவில் ஒன்றைச் செய்ய முயல்கிறது. குழாய் போன்ற உடலுக்குப் பதில், உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி அகலமான கூடம். எரிபொருள் மிச்சம், இருக்கைகளைப் பலவிதமாக மாற்றிப் போடலாம் என்கிறார்கள்.

சிக்கல்களும் உண்டு. நடுவில் இருப்பவருக்கு ஜன்னல் இல்லை. விமானம் சாய்ந்து திரும்பும்போது ஓரத்தில் இருப்பவர் ஊஞ்சலில் போவதுபோல் ஏறி இறங்குவார். ஆபத்தென்றால், பாதி வாசல்களை மட்டும் கொண்டு 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது விதி. எத்தனை இருக்கை பிடிக்கும் என்ற கேள்விக்கு முன்னால் இவற்றுக்கு விடை வேண்டும்.

அந்தக் கூடத்தை வரைகிறவர்கள் நம் 81 பெர்த் கதையை ஒருமுறை கேட்டால் நல்லது. கூடுதலாக நுழைக்கும் ஒவ்வொரு இருக்கையிலும் பெரும்பாலும் உட்காரப்போவது, வேறு இடம் கேட்க வசதி இல்லாதவர்தான்.