தொடுகையில்லாப் பணம் செலுத்தல்: புதுக்கோட்டை மாவட்ட இளைஞர்கள்

அட்டையை இயந்திரத்தின் அருகே காட்டியோ, கைப்பேசியால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ பணம் கொடுக்கும் முறையே தொடுகையில்லாப் பணம் செலுத்தல். 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்து அம்மன் காசு என்னும் சொந்த நாணயம் வெளியிட்ட புதுக்கோட்டையில், இன்றைய இளைஞர்களிடம் வேரூன்றியிருப்பது இரண்டாவது வகை.

இதற்கு முதற்காரணம் வாங்குபவரைவிட விற்பவரிடமே இருக்கிறது. அட்டை இயந்திரத்துக்கு வாடகை உண்டு. அச்சிட்ட குறியீட்டு அட்டையை டீக்கடையிலும் பூக்கடையிலும் சும்மா மாட்டி வைக்கலாம். இந்தக் குறியீட்டின் வழியே வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப உதவும், 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில், 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமும் இல்லை. பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் சிறு பெட்டி இருதரப்புக்கும் நம்பிக்கை தருகிறது. சில்லறைக்காகக் காத்திருக்கும் தொல்லையும் தீர்கிறது.

போதிய கவனம் பெறாத இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் மாதம் 1,000 ரூபாயை வங்கிக் கணக்கிலேயே செலுத்துகின்றன. கிராமத்து மாணவிக்குத் தன் பெயரில் கணக்கும் அதில் தன் பணமும் இருப்பது பெரிய மாற்றம். கைப்பேசியின் யுபிஐ செயலி அதற்குப் பிறகுதான் பயன்படுகிறது.

இம்முறையைப் பயன்படுத்தச் சிலர் தயங்கக் காரணம் மோசடி அச்சம். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் ஏமாற்றுகிறார். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

முதல் வகையான தட்டிச் செலுத்தும் அட்டையிலோ, ரகசிய எண் இல்லாமல் செலுத்தக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2021 ஜனவரியில் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.