வடசென்னைக் கரையில் ஒரு நாள்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவோர் பெரும்பாலும் தெற்கு நோக்கியே செல்கின்றனர். மெரினாவின் மணற்பரப்பும் மயிலைக் கோபுரமும் அப்பாலுள்ள மாமல்லபுரமும் அவர்களை அழைக்கின்றன. வடக்கே உள்ள இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களைப் பற்றிச் சொன்னால், புகையும் சரக்கு லாரிகளும் அன்றி அங்கே காண என்ன இருக்கிறது என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு நேரில் சென்று விடை காண விரும்பினேன். படுக்கையும் அடுப்பும் பொருத்திய மோட்டார் வண்டி ஒன்றில் நண்பர் சிலருடன் கடற்கரை ஊர்களைச் சுற்றி வந்த காலத்தில், ஒரு முழு நாளை வடசென்னைக்கென்றே ஒதுக்கினேன்.

விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தோம். விசைப்படகுகள் கரை சேர்ந்தன. ஏலக் குரல்கள் எழுந்தன. வஞ்சிரமும் சங்கராவும் இறாலும் கூடை கூடையாக இறங்கின. இக்கரையின் படகோட்டிகள் இல்லையேல் சென்னைப் பட்டினம் வளர்ந்திருக்க இயலாது. 1639ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே நிலம் பெற்றபோது இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. கப்பல்கள் கரையை நெருங்க அஞ்சித் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. இடையே சீறிய அலைகளைக் கடந்து ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அமைத்தவை அவை. ஆணி அறைந்த படகு அலையின் மோதலில் பிளந்து போகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். அப்படகோட்டிகளுள் கத்தோலிக்கராய் இருந்தோர் எழுப்பிய தேவாலயம் இராயபுரத்தில் இன்றும் நிற்கின்றது. பேதுரு என்னும் திருத்தொண்டரைத் தமிழர் இராயப்பர் என்றனர். அவர் பெயரே ஊருக்கும் வழங்கலாயிற்று என்பர்.

அங்கிருந்து இராயபுரம் ரயில் நிலையத்திற்குச் சென்றோம். உயர்ந்த தூண்களோடு விளங்கும் இக்கட்டடத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இங்கிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு சென்றது. பம்பாயில் 1853ஆம் ஆண்டிலும், கல்கத்தாவை அடுத்த ஹௌராவில் 1854ஆம் ஆண்டிலும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் அந்நாளைய நிலையக் கட்டடங்கள் அங்கே எஞ்சவில்லை. ஆதலால், நாட்டில் நிலைத்து நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையம் என்னும் பெருமை இராயபுரத்திற்கே உரியது. பழுதுற்றிருந்த இதனைச் செப்பனிட்டு 2005ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர்.

பின்னர்த் துறைமுகத்தின் மதிலோரமாக வடக்கே சென்றோம். மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. 1870களில் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பிச் செயற்கைத் துறைமுகம் அமைக்கத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் வடகிழக்கில் புது வாயில் அமைத்துத் துறைமுகத்தைச் சீர்ப்படுத்தினார். இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றது. கற்சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா விரிந்தது. வர வேண்டிய மணல் வாராமையால் வடக்கே கடல் நிலத்தை உண்டது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையோரம் குவிந்து கிடக்கும் பாறைகள் அவ்வரிப்பைத் தடுக்க இட்டவையே. மெரினாவில் நாம் உலவும் மணலில் ஒரு பங்கு வடசென்னை இழந்த மணல் என்று அறிந்தபோது என் உள்ளம் கனத்தது.

நண்பகலுக்கு முன் திருவொற்றியூர்க் கோயிலுள் புகுந்தோம். சுந்தரர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சூளுரைத்ததாகப் புராணம் கூறும் தலம் இது. ஆனையின் முதுகுபோல் வளைந்த இதன் கருங்கல் விமானத்தை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. மன்னர் பெயரோடு கைவினைஞன் பெயரும் நிலைத்தது அரிய பேறன்றோ! மற்றொரு கல்வெட்டு ஒரு துறவியின் கதையைச் சொல்கின்றது. சேர நாட்டு வீரர் ஒருவர் சோழ இளவரசன் இராசாதித்தனின் தோழராகவும் படைத்தலைவராகவும் இருந்தார். 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டான். தலைவனோடு உடன்மடியாமல் போனோமே என்று நாணிய அவ்வீரர் துறவு பூண்டு, ஒற்றியூர் வந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் இங்கே மடத்தலைவரானார். அரசியல் வரலாறு வெற்றிகளையே எண்ணும். இக்கல்லோ தோற்ற ஒருவரின் நெஞ்சத்தையும் காத்து வைத்துள்ளது.

மாலையில் எண்ணூர் நோக்கிச் சென்றோம். மேற்கே பக்கிங்காம் கால்வாய் கரிய நீருடன் கிடக்கின்றது. 1806ஆம் ஆண்டையொட்டிச் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 11 மைல் வெட்டிய பகுதியே அதன் தொடக்கம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில், கூலிக்கு மண் சுமந்த ஏழை மக்கள் அதனை மேலும் நீட்டினர். உப்பும் விறகும் நெல்லும் அவ்வழியே நகருக்கு வந்தன. விடுதலைக்குப் பின் இங்கே தொழிற்சாலைகள் எழுந்தன. எண்ணூரில் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் ஆயிற்று. அவ்வாண்டிலேயே திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அமைந்தது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை மின்சாரம் அளித்தது.

கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் எங்கள் வண்டியை நிறுத்தினோம். அலையாத்திச் செடிகளின் நடுவே, இடுப்பளவு நீரில் நின்று சிலர் கையாலேயே இறால் தடவிப் பிடித்துக் கொண்டிருந்தனர். இக்கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் பெருவெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது படகுகளும் வலைகளும் கறை படிந்தன. மீனவர் பல நாள் தொழில் இழந்தனர். நகரின் விளக்குகள் எரிந்ததற்கும் வண்டிகள் ஓடியதற்கும் உரிய விலையில் பெரும்பங்கை இவர்களே கொடுத்துள்ளனர்.

ஒற்றி என்னும் சொல்லுக்கு அடகு என்பதும் ஒரு பொருள். சென்னை தன் வளத்திற்காக இந்தக் கரையை ஒற்றி வைத்துள்ளது. ஒற்றி வைத்த பொருளை மீட்பது கடன்பட்டவர் கடமை. ஆற்றைத் தூய்மை செய்வதும், பழங்கட்டடங்களைக் காப்பதும், இங்கு வாழ்வோரின் தொழிலைப் பேணுவதும் அம்மீட்சியின் வழிகள். முதற்படியாக, மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் வடக்கே செல்லும் ரயிலில் ஏறி இவ்வூர்களைச் சென்று காண்பார்களாக!