மால்குடி மெட்டும் மாணவர் வாத்தியமும்

நம் சிவாஜிநகருக்குப் பிளாக்பள்ளி என்பது பழைய பெயர். 1809இல் கண்டோன்மென்ட் ஏற்பட்டபோது பட்டாளத்தோடு தமிழரும் வந்தார்கள். பேண்டு வாத்தியமும் வந்தது.

ஒரு வாத்தியக்காரர் சரக்கை இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. சென்னையில் கும்பினியார் பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார், அவையே நோட்டுஸ்வரங்கள். 1890களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பியக் கோட்டுக்குறிப்பில் எழுதி அச்சிட்டார்.

இந்த வழியில் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, 1986இல் தூர்தர்ஷனுக்காக உருவான 'மால்குடி டேஸ்' முகப்பிசை. கதை ஆர்.கே. நாராயண், இயக்கம் சங்கர் நாக், படம்பிடித்தது பெரும்பாலும் ஆகும்பேயில். மெட்டை முணுமுணுக்காதவர் குறைவு. "யார் போட்டது?"ன்னு கேட்டா, பதில் வராது.

போட்டவர் எல். வைத்தியநாதன் (1942–2007). 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த அதே தமிழர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னை வந்தது. வயலின் மேதைகள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் இவருடைய தம்பிகள்.

சரி, மாணவர் குழுவுக்கு எப்படி அமைப்பது? பெங்களூரில் வயலின் படிக்கும் பிள்ளைகள் இரண்டு வகை. மேற்கத்திய வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, இ. கர்நாடக வயலினில் ச-ப-ச-ப. இரண்டு கட்டை சுருதி வைத்தால் ஷட்ஜம் டி, பஞ்சமம் ஏ. இந்த இரண்டும் மேற்கத்திய வயலினில் வெறுந்தந்தியாகவே இருக்கின்றன, சண்டை தீர்ந்தது. கமகம் கோட்டுக்குறிப்பில் முழுசா அடங்காது. ஆகவே மெட்டைக் கர்நாடக மாணவர் முதலில் வாசிக்கட்டும். மற்றவர் அதே ஸ்வரங்களைத் துணையாக நீட்டட்டும். வாத்தியம் தெரியாத பிள்ளைகள் முனகட்டும். அதில் சொல் கிடையாது; தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பேரப்பிள்ளையும், பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தையும் சேர்ந்தே பாடலாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஆண்டுவிழா அழைப்பிதழில் 'டி.வி. இசை' என்று மட்டும் போடாதீங்க. சங்கர் நாக் பெயரோடு வைத்தியநாதன் பெயரையும் அச்சடியுங்கள். கன்னடரும் தமிழரும் கூடிச் செய்த வேலை அது. வெளிமாநிலத்தில் பிழைக்கும் நாம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய சான்றும் அதுதான்.