அயலூரில் ஓர் அடுப்பு

வீட்டு ஏக்கம் இன்னதென்று பெரும்பாக்கத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனை நன்கு அறியும். அதே ஏக்கத்தோடு இன்று வேறு சிலரும் இச்சுற்று வட்டாரத்தில் வாழ்கின்றனர். சேலையூரிலும் செம்மஞ்சேரியிலும் உள்ள பல்கலைக்கழகங்களை நாடி, ஆப்பிரிக்காவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் வந்துள்ள மாணவர்களே அவர்கள். அவர்களைக் காணுந்தோறும், நூறாண்டுகளுக்கு முன் கடல் கடந்து கற்கச் சென்ற நம் பிள்ளைகள் பட்ட பாட்டை நினைவுகூர்தல் தகும்.

1914 இல் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை இராமானுஜனை அறியாதார் யார்? மேலங்கியோடு படுத்தும் குளிர் தாங்க முடியவில்லை என்று அவர் கூறக்கேட்டு, அங்குப் பயின்றுகொண்டிருந்த பி. சி. மகலனோபிஸ் அவருடைய படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. அதுவரை எவரும் சொல்லித் தரவும் இல்லை! மரக்கறி உணவையே உண்ட அவர் தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். முதல் உலகப்போர் மூண்டபின் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. ஒருமுறை விருந்துக்கு அழைத்தவர்கள் ரசத்தை மூன்றாம் முறை வேண்டாம் என்று மறுத்ததும், சொல்லாமல் எழுந்து ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார். இது வெறும் சினம் அன்று. 1918 இல் இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. பெருமைகளையெல்லாம் தந்த நாடு, உடன் அமர்ந்து உண்ண ஒரு வீட்டைத் தரவில்லை. அவருடைய ஆசாரமும் அவரைச் சுற்றி ஒரு வேலியாய் நின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

உதவி செய்ய ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1910 இல் இலண்டன் குரோம்வெல் சாலையில், 21 ஆம் எண் இல்லத்தில், ஆங்கில அரசின் ஆதரவோடு இந்திய மாணவர்க்குத் தங்குமிடம் அமைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில்தான் மதன்லால் திங்ரா என்ற மாணவர் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றிருந்தார். ஆகவே இது உதவியா, உளவா என்ற ஐயம் மாணவரை விட்டு அகலவேயில்லை. கண்காணிப்பவர் பரிமாறும் சோறு தொண்டையில் இறங்குமோ?

இந்நிலையை மாற்ற முனைந்தவர் நம் தமிழ்நாட்டவர். 1876 இல் சேலத்தில் பிறந்த கே. டி. பால், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர். 1937 இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரி அவர் காலத்தில் நகரின் நடுவே இருந்தது. ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் அகில இந்தியப் பொதுச் செயலர் பொறுப்பை 1916 இல் ஏற்ற முதல் இந்தியரும் அவரே. அவர் கத்தோலிக்கர் அல்லர். அதனால்தானோ என்னவோ, நம்மவர் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பாலின் முயற்சியால் 1920 இல் இலண்டனில் இந்திய மாணவர் விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று இராமானுஜன் சென்னையில் கண்மூடினார். விடுதி தொடங்கிய இடமும் பொருத்தமானதே. போரின்போது நியூசிலாந்து வீரர்கள் இளைப்பாறுவதற்காகக் கட்டப்பட்ட தற்காலிகக் குடில் அது. ஊரைப் பிரிந்தவர்கள் முன்பே தங்கிச் சென்ற கூரை! 1923 இல் விடுதி கோவர் தெருவுக்கு மாறியது. நிறத்தைக் கண்டு கதவடைத்த வீட்டுக்காரர்கள் மலிந்திருந்த நகரில், எல்லாச் சமயத்து இந்திய மாணவரும் அங்கே நம் நாட்டு உணவை உண்டு, தம் மொழியில் பேசி மகிழ முடிந்தது. ஆங்கிலேயரும் விருந்தினராய் வந்து பழகினர். குரோம்வெல் சாலையில் கிட்டாதது இங்குக் கிட்டியதற்குக் காரணம், நடத்தியவர்களும் அதே ஏக்கத்தை அறிந்தவர்களாய் இருந்தமையே என்பது நம் கருத்து.

கதவடைப்பு இலண்டனோடு முடிந்துவிடவில்லை. நம் தெருக்களில் வாடகைக்கு வீடு தேடி வரும் கறுப்பின மாணவனிடம் நாம் முதலில் கேட்பது எதனை? அவன் என்ன சமைப்பான் என்பதையன்றோ?

முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் கலந்துகொண்ட பால், நாடு திரும்பிய சில மாதங்களில், 1931 ஏப்ரலில், மறைந்தார். கோவர் தெருக் கட்டடம் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. 1950களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. இன்றும் அங்கே இந்திய உணவு பரிமாறப்படுகிறது. இந்தியரல்லாத மாணவர்களும் அங்கே தங்கிப் பயில்கின்றனர்.